திரைப்படமும் தீர்ப்பும்: விமர்சகர் கருத்துக்கள் பற்றி ஒரு நோக்கு

இலக்கிய விமர்சனம் எதற்காக என்னும் வினா நம்மிடையே பல்லாண்டுகளாக எழுப்பப்பட்டு வந்துள்ளது. அதற்கு விடைகளும் பல கூறப்பட்டுள்ளன. ஆனால், இலக்கியத்தைக் காட்டிலும் பன்மடங்கு பெருந்தொகையான மக்களைச் சென்றடையும் திரைப்படத்தைப் பற்றிய விமர்சனம் எதற்காக என்னும் வினாவை நாம் அதே அக்கறையோடு எழுப்பினோமா என்பது ஐயத்துக்குரியது. நூல் நுழையாத வீடுகள் நம் நாட்டில் உண்டு. படம் நுழையாத வீடு இன்று அரிது. அந்நிலையில், படங்களைப் பற்றி யார், எந்த நிலையில் நின்று, யாருக்காகக் கருத்துக் கூறுகின்றனர் என்பதை ஆராய்வது வெறும் பொழுதுபோக்கன்று.

இன்று ஒரு படம் வெளிவந்த சில மணி நேரத்துக்குள் அதற்கு ஓர் எண் சூட்டப்பட்டுவிடுகிறது. ஐந்துக்கு மூன்று என்கிறார் ஒருவர். நூற்றுக்கு எழுபத்தைந்து என்கிறார் இன்னொருவர். நம்மிடம் கற்கும் மாணவர்களும் அந்த எண்ணைக் கொண்டே படத்தைப் பற்றிப் பேசுகின்றனர். பரீட்சைப் புள்ளியால் பிள்ளைகளை அளந்து பழகிவிட்ட சமூகம் கலையையும் புள்ளியால் அளப்பதில் வியப்பொன்றுமில்லை. ஆயின், அப்புள்ளி எவ்வாறு இடப்படுகிறது என்பதை அறிந்தவர் சிலரே.

உலகெங்குமுள்ள விமர்சகரின் கருத்துக்களைத் திரட்டி விகிதம் கணிக்கும் ‘றொட்டன் ரொமாற்றோஸ்’ என்னும் இணையத்தளம் 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதன் கணிப்பு முறை மிக எளியது. ஒவ்வொரு விமர்சனமும் சாதகமானதா பாதகமானதா என்று பிரிக்கப்படும்; சாதகமானவற்றின் நூற்று வீதமே படத்தின் எண்ணாகும். இதன் விளைவைச் சற்றுச் சிந்தித்துப் பார்க்கவேண்டும். நூறு விமர்சகரும் ‘பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம்’ என்று எழுதிய படம் நூறு பெறும். அறுபது பேர் ‘இது தலைமுறைக்கு ஒன்றாய்த் தோன்றும் படைப்பு’ என்று போற்ற, நாற்பது பேர் சினந்து நிராகரித்த படம் அறுபதே பெறும். கலை வரலாற்றில் நிலைத்த படைப்புக்களுட் பல இரண்டாம் வகையைச் சார்ந்தவை என்பதை நாம் மறந்துவிடலாகாது. எவரையும் நோகச் செய்யாத படைப்பை ஊக்குவிப்பதும், பலரை உலுப்பும் படைப்பைத் தண்டிப்பதும் இம்முறையின் இயல்பு. அத்தளம் 2016ஆம் ஆண்டில் படங்களுக்கு அனுமதிச் சீட்டு விற்கும் ‘பண்டாங்கோ’ நிறுவனத்தின் கைக்கு மாறியது என்பதையும் இவ்விடத்திற் குறிப்பிடுதல் தகும். சரக்கை விற்பவனே தராசையும் பிடித்திருக்கும் சந்தையில் வாங்குவோன் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

ஓர்சன் வெல்ஸ் இயக்கிய ‘சிற்றிசன் கேன்’ அத்தளத்தில் நூற்றுக்கு நூறு என்றே இருந்து வந்தது. 2021ஆம் ஆண்டில், அப்படம் வெளிவந்த 1941ஆம் ஆண்டின் ‘சிக்காகோ ரிபியூன்’ பத்திரிகையிலிருந்து பாதகமான பழைய விமர்சனமொன்று கண்டெடுத்துச் சேர்க்கப்பட்டது. உடனே எண் தொண்ணூற்றொன்பதாயிற்று. எண்பதாண்டுகளுக்கு முன் ஒரு நாளேட்டுக்காரர் எழுதியது உலகச் செய்தியாயிற்று. படத்தில் ஒரு காட்சிகூட மாறவில்லை. எண்ணின் மயக்கத்துக்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இதே படத்தின் வரலாற்றில் மற்றொரு செய்தி இதனிலும் கருத்தூன்றத் தக்கது. அப்படத்தின் கதாநாயகன் தம்மையே சுட்டுகிறான் எனக் கருதிய பத்திரிகை முதலாளி வில்லியம் ரண்டொல்ப் ஹேர்ஸ்ற், தமது பத்திரிகைகள் எதிலும் அப்படத்தின் பெயரோ விளம்பரமோ இடம்பெறலாகாது எனத் தடுத்தார். அப்பத்திரிகைகளின் மௌனமும் ஒருவகை ‘விமர்சக கருத்து’த்தான். கருத்துச் சுதந்திரம் என்பது பேனாவைப் பிடித்திருப்பவனின் மனநிலையை மட்டும் பொறுத்ததன்று. அச்சுயந்திரம் யாருக்குச் சொந்தம் என்பதையும் பொறுத்தது.

இனி, எண்ணிடும் முயற்சிகளுள் மிகவும் மதிப்புக்குரியதாகக் கருதப்படும் ஒன்றை நோக்குவோம். இங்கிலாந்தின் ‘சைற் அன்ட் சவுண்ட்’ சஞ்சிகை 1952ஆம் ஆண்டு தொட்டுப் பத்தாண்டுக்கொருமுறை விமர்சகரிடம் உலகின் தலைசிறந்த பத்துப் படங்களைக் கேட்டு வெளியிட்டு வருகிறது. 1952இல் விடையளித்தோர் அறுபத்துமூவர். அவர்கள் முதலிடம் அளித்தது விற்றோரியோ டி சீக்காவின் ‘சைக்கிள் திருடர்கள்’ என்ற இத்தாலியப் படத்துக்கு. அப்படம் 1948இல் வந்தது, நான்கே வயதுடையது. சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் தேவைப்பட்ட ஓர் ஏழைத் தொழிலாளி, அது களவு போனபின் தன் மகனோடு உரோமாபுரித் தெருக்களில் அதனைத் தேடி அலையும் கதை அது. போர் முடிந்து ஏழாண்டுகளே ஆகியிருந்த ஐரோப்பாவில், வேலையின்மையும் பங்கீட்டு உணவும் கண்முன்னே நின்ற காலத்தில், விமர்சகர்கள் அப்படத்தைத் தம் காலத்தின் குரலாகக் கேட்டனர்.

1962இல் ‘சிற்றிசன் கேன்’ முதலிடம் பெற்றது. முந்திய கணிப்பில் அது முதற் பத்திலேயே இருக்கவில்லை. அதன்பின் 2002 வரை ஐந்து கணிப்புக்களில் அவ்விடத்தை அது விட்டுக்கொடுக்கவில்லை. ‘சைக்கிள் திருடர்க’ளோ 1972இல் முதற் பத்திலிருந்தே அகன்றுவிட்டது. படம் தன் தரத்தில் தாழ்ந்துவிட்டதா? இல்லை. ஐரோப்பாவில் வயிற்றுப்பாடு சற்றுத் தணிந்தது. இயக்குநனைக் கவிஞன்போல் தனியொரு படைப்பாளியாகக் கொள்ளும் கொள்கை 1950களில் பாரிஸின் ‘கையே து சினமா’ ஏட்டிலிருந்து பரவியது. எதைச் சொல்கிறான் என்பதிலும் எவ்வாறு சொல்கிறான் என்பதே முதன்மை பெற்றது. அவ்வேட்டினர் போற்றிய ஹிச்கொக்கின் ‘வேர்ட்டிகோ’ 1958இல் கலவையான வரவேற்பையே பெற்றிருந்தும், 2012இல் முதலிடத்துக்கு வந்தது இம்மாற்றத்தின் நீண்டகால விளைவே.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். சமூக மாற்றம் நிகழ்ந்தவுடன் கலைக்கணிப்பும் நிழல்போல் மாறும் என்று இயந்திர ரீதியாக முடிவுகட்டுதல் பொருந்தாது. ஐசன்ஸ்ரைனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ 1952 முதல் 2002 வரை நிகழ்ந்த ஆறு கணிப்புக்களிலும் முதற் பத்தில் இருந்தது. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்த பின்னரும் இரண்டு கணிப்புக்களில் அது நிலைத்தது. 2012இலேயே பத்துக்கு வெளியே சென்றது. கலைக்குத் தன் சொந்த ஆயுள் உண்டு. விமர்சகரின் கல்வியும், படங்களைக் காணும் வாய்ப்பும், முந்திய தலைமுறையின் மதிப்பீட்டை ஏற்கும் பழக்கமும் இடையில் நின்று தொழிற்படுகின்றன.

2022ஆம் ஆண்டின் கணிப்பு பெரும் வாதத்தைக் கிளப்பியது. ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டோர் அதிற் பங்குபற்றினர். பெல்ஜியப் பெண் இயக்குநர் ஷாந்தால் அக்கெர்மன் 1975இல் எடுத்த ‘ஜான் டீல்மன்’ முதலிடம் பெற்றது. பெண்ணொருவர் இயக்கிய படம் அவ்விடத்துக்கு வந்தது அதுவே முதற்றடவை. 2012இல் அது முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையிலேயே நின்றது. ஏறத்தாழ மூன்று மணி இருபது நிமிடம் ஓடும் அப்படம் ஒரு கைம்பெண்ணின் மூன்று நாட்களைக் காட்டுகிறது. அவள் உருளைக்கிழங்கு சீவுகிறாள், சட்டி கழுவுகிறாள், படுக்கை விரிக்கிறாள், மகனுக்கு உணவு பரிமாறுகிறாள், பிற்பகலில் வாழ்வுக்காக உடலை விற்கிறாள். வேறெந்தப் படமும் வெட்டியெறியும் வேலைகளை அப்படம் முழு நேரமும் நிறுத்திக் காட்டுகிறது. இரண்டாம் நாள் அந்த ஒழுங்கு சிறுகச் சிறுகக் குலைவதை, அடுப்பில் அளவுக்கு மேல் வெந்துபோன கிழங்கிலிருந்தே நாம் உணரத் தொடங்குகிறோம்.

அம்முடிவைக் கண்டித்தவர்களுள் அமெரிக்க இயக்குநர் போல் ஷ்ரேடரும் ஒருவர். படத்தை மதித்த அவர், அதன் திடீர் உயர்வு இயல்பான வளர்ச்சியன்று, வாக்காளர் அமைப்பைத் திருத்தியதால் விளைந்தது என்ற கருத்துப்பட எழுதினார். இவ்வாதத்தில் ஓர் உண்மை உண்டு; ஒரு குறையும் உண்டு. வாக்களிப்போர் மாறினர் என்பது உண்மை. ஆனால் முன்னர் வாக்களித்தோர் மட்டும் இயற்கையாக முளைத்தவரா? 1952இன் அறுபத்துமூவரும் ஒருவராற் தெரிந்தெடுக்கப்பட்டவர்களே. அவர்களின் தேர்வு தேர்வென்றே தோன்றாதது, நெடுங்காலம் அதுவே வழக்கமாயிருந்தமையால் மட்டுமே. அடுப்படியில் நிற்கும் பெண்ணின் மூன்று மணி நேரம் கலைக்குரிய பொருளென்று கூறுவதற்கு அடுப்படியை அறிந்தோரும் மன்றத்தில் இருக்கவேண்டியிருந்தது.

‘முதலிடம்’ என்னும் சொல்லின் பொருளையும் கவனித்தல் நன்று. 2012இல் ‘வேர்ட்டிகோ’ பெற்றது 191 வாக்கு. வாக்களித்தவர் 846 பேர். நாலில் மூன்று பங்கினரின் பத்துப் படங்களுள் அது இருக்கவேயில்லை. பட்டியலை வேதமாகக் கொள்வோர் இக்கணக்கைப் பார்ப்பதில்லை.

பட்டியல்களை விட்டு, தனித்தனி விமர்சகர் ஒரு புதிய படைப்பின் முன் நின்ற தருணங்களைப் பார்ப்போமாயின் விமர்சனத்தின் பொறுப்பு இன்னும் தெளிவாகும். 1939ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பாரிஸில் ஜோன் ரெனுவாரின் ‘விளையாட்டின் விதி’ திரையிடப்பட்டபோது அரங்கில் கூச்சல் எழுந்தது. பெருமாளிகையொன்றில் விருந்துக்குக் கூடிய பிரபுக்களும் அவர்களின் பணியாட்களும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்ளும் அக்கதையில், முயல் வேட்டைக்குப்பின் ஒரு மனிதனும் சுடப்பட்டு வீழ்கிறான். அதுவும் ஒரு விபத்தென்று மூடி மறைக்கப்படுகிறது. போரின் விளிம்பில் நின்ற ஆளும் வகுப்பினர் அக்கண்ணாடியிற் தம் முகத்தைக் கண்டு சகிக்கவில்லை. படம் மேலும் மேலும் வெட்டப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில் மக்களின் மனவுறுதியைக் குலைப்பதாகக் கூறித் தடைசெய்யப்பட்டது. மூலப்படச்சுருள் போர்க்காலக் குண்டுவீச்சில் அழிந்தது. எஞ்சிய துண்டுகளைத் திரட்டி அது மீட்டமைக்கப்பட்டது 1959இல். அன்று கூச்சலிடப்பட்ட அப்படம் 1952 முதல் 2012 வரை நாம் மேலே குறிப்பிட்ட ஏழு கணிப்புக்களிலும் முதற் பத்தில் நின்ற ஒரே படம் ஆகும்.

அமெரிக்காவில் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ ஏட்டின் திரைப்பட விமர்சகராக 1940 முதல் ஏறத்தாழ இருபத்தேழாண்டு பணிபுரிந்தவர் பொஸ்லி குரோதர். தணிக்கையை எதிர்த்தவர், இத்தாலிய யதார்த்தப் படங்களை அமெரிக்க மக்களுக்கு எடுத்துக்கூறியவர், சமூக மனச்சாட்சி உடையவர். அத்தகையவரே 1958இல் சத்தியஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ நியூயோர்க்கில் வெளியானபோது, அதன் கட்டுக்கோப்புத் தளர்ந்தது, நடை மந்தமானது, ஹொலிவூட் தொகுப்பாளரிடம் அது செப்பமுறாத வரைவாகவே கணிக்கப்படும் என்ற கருத்துப்பட எழுதினார். வங்காளக் கிராமத்தின் காலம் நியூயோர்க்கின் காலமன்று என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அக்காள் தம்பி இருவரும் நாணற் பூக்களுக்கிடையே ஓடிப் புகையிரதத்தைக் காணும் காட்சிக்கு அந்த மந்த நடையே உயிர். பார்வையாளரோ மாதக் கணக்கில் அரங்கை நிரப்பினர். அப்படம் 1956இலேயே கான் விழாவில் சிறந்த மனித ஆவணத்துக்கான பரிசைப் பெற்றிருந்தது.

அதே குரோதர் 1967இல் ‘பொனி அன்ட் கிளைட்’ படத்தை வன்முறையின் கொண்டாட்டமெனக் கண்டு ஒருமுறைக்குப் பலமுறை தாக்கினார். போலீன் கேல் என்ற விமர்சகர் ‘நியூயோர்க்கர்’ ஏட்டில் நீண்ட கட்டுரை எழுதி அதனை ஆதரித்தார். ‘நியூஸ்வீக்’ விமர்சகர் ஜோ மோர்கன்ஸ்ரேர்ன் முதலிற் கண்டித்து எழுதிவிட்டு, மறுவாரம் மீண்டும் பார்த்துத் தம் கருத்தைப் பகிரங்கமாகத் திருத்தினார். அடுத்த ஆண்டளவில் குரோதர் அப்பதவியில் இருக்கவில்லை. கேலின் வெற்றியைப் போற்றுவோர் இன்று பலர். ஆயினும் குரோதர் கேட்ட வினா முற்றாக இறந்துவிட்டதென்று நாம் கருதவில்லை. துப்பாக்கியை அழகாகக் காட்டும் கலை யாரை எங்கே இட்டுச்செல்லும் என்பது அவ்வினா. இன்றைய தமிழ்ப் படங்களிற் குருதி ஆறாக ஓடுவதைக் காணும்போது அவ்வினாவை நாமும் கேட்கவேண்டியவர்களாக உள்ளோம். பிழையான தீர்ப்பினுள்ளும் சரியான வினா இருத்தல் கூடும். அதனாலேயே, எண்ணாகச் சுருக்கப்பட்ட கருத்துப் பயனற்றது; காரணத்தோடு எழுதப்பட்ட கருத்து தவறாயினும் பயனுள்ளது.

‘பதேர் பாஞ்சாலி’க்கு இந்தியாவிலிருந்தே எழுந்த கண்டனத்தையும் நோக்க வேண்டும். 1980இல், புகழ்பெற்ற நடிகையும் மாநிலங்களவை உறுப்பினருமான நர்கிஸ், ராய் இந்தியாவின் வறுமையை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார் எனக் குற்றஞ்சாட்டினார். வறுமை இருத்தல் இழிவன்று, அது பிறர் கண்ணிற் படுதலே இழிவு என்னும் மனப்பான்மை இது. இக்குரல் நமக்கும் பழக்கமானதே. சாதியைப் பற்றி எழுதிய எழுத்தாளனை நோக்கி ‘ஊர் மானத்தைக் கப்பலேற்றுகிறான்’ என்று சொன்ன குரலும் இதுதான்.

நம் நாட்டின் நிலை யாது? இலங்கையின் முதற் சிங்களப் பேசும் படம் 1947இல் வந்தது. அது தென்னிந்தியாவில் உருவாக்கப்பட்டது. அதன்பின் வந்த படங்களும் தென்னிந்தியச் சட்டகத்தை விட்டு அகலவில்லை. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் கமராவை அரங்கத்திலிருந்து வெளியே கொணர்ந்து, கிராமத்து வெயிலில் ‘ரேகாவ’வை எடுத்தார். 1957இல் அது கான் விழாவுக்குச் சென்றது. விமர்சகர் போற்றினர், வசூல் தோற்றது. ஆனால் அப்போற்றுதல் வீணாகவில்லை. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி 1963இல் அவர் எடுத்த ‘கம்பெரலிய’ 1965இல் புதுடில்லி சர்வதேச விழாவில் தங்க மயில் விருதைப் பெற்றது. சிங்களச் சினிமாவுக்கு ஒரு தனிமரபு ஏற்பட்டது.

தமிழில் அவ்வாறு நிகழவில்லை. தர்மசேன பத்திராஜ, யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் பொருளாகக் கொண்டு, காவலூர் இராசதுரையின் எழுத்தில் 1977இல் ‘பொன்மணி’ என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார். அது அரங்குகளில் நிலைக்கவில்லை. தென்னிந்தியப் படத்தின் பாட்டுக்கும் வசனத்துக்கும் பழகிய கண்களுக்கு, தம் சொந்த ஒழுங்கையும் தம் சொந்த முற்றமும் அந்நியமாகத் தெரிந்தன. தமிழகத்திலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. எஸ். பாலச்சந்தரின் ‘அந்த நாள்’ 1954இல் பாட்டும் நடனமும் இன்றி வந்து தோல்வியுற்றது. பின்னரே வழிகாட்டிப் படமென்று போற்றப்பட்டது.

இத்தகைய படங்கள் தோன்றும் தருணத்தில் விமர்சகனின் கடமை என்ன? மக்களின் சுவையைப் பழித்துத் தன் மேன்மையை நிலைநாட்டுவதன்று. அவர்களின் பழக்கத்துக்கும் புதிய படைப்புக்கும் இடையே பாலமாதல். ‘பொன்மணி’யைப் பற்றி அன்று ஊர்தோறும் வாசிகசாலைகளிற் பேசியிருப்போமாயின், பாடசாலைகளில் மாணவருக்குக் காட்டியிருப்போமாயின், ஈழத்துத் தமிழ்ச் சினிமாவின் வரலாறு வேறாக இருந்திருக்கலாம். நமது ஏடுகளின் சினிமாப் பக்கங்களிற் பெரும்பாலானவை நடிகரின் செய்தியையும் விளம்பரத்தையும் தாங்கி வந்தன. விமர்சனம் என்ற பெயரில் வந்தவையும் கதையைச் சுருக்கிக் கூறி, ‘ஒளிப்பதிவு நன்று, இசை பரவாயில்லை’ என்று முடிந்தன. இன்று அதே வாய்பாட்டைக் கைத்தொலைபேசியின் முன்னிருந்து ஒருவர் உரத்த குரலிற் சொல்கிறார், வேறுபாடு அவ்வளவே.

விமர்சகர் கருத்துக்கள் காலந்தோறும் மாறுவதால் எல்லாக் கருத்தும் சமமே, அவரவர்க்கு அவரவர் சுவை என்று முடிவு செய்தல் சோம்பலுக்கு இடமளிப்பதாகும். ‘விளையாட்டின் விதி’ மீட்கப்பட்டது தற்செயலாகவன்று. அதன் ஒவ்வொரு காட்சியையும் சுட்டிக்காட்டி, முன்னோர் காணத் தவறியது இதுவென்று நிறுவக்கூடியதாக இருந்தமையால் மீட்கப்பட்டது. திரையிற் கண்ணாற் கண்டு சரிபார்க்கத்தக்க காரணத்தைத் தரும் கருத்தே கருத்து. எனவே ஒரு விமர்சனத்தை வாசிக்கும்போது நம் மாணவர் சில வினாக்களைக் கேட்கப் பழகவேண்டும். இவர் படத்தில் எந்தக் காட்சியைச் சுட்டுகிறார்? எவருடைய வாழ்வை அறிந்தவராய்ப் பேசுகிறார்? இவர் எழுதும் ஏட்டையோ தளத்தையோ நடத்துபவர் யார்? இவர் காணாமல் விட்டது எது? தமிழ்ப்பாட வகுப்பில் ஒரு சிறுகதையை ஆராய நாம் செலவிடும் நேரத்தில் ஒரு சிறு பகுதியையாவது ஒரு திரைக்காட்சியை ஆராயச் செலவிடுவது பாடத்திட்டத்துக்குத் துரோகமாகாது.

பத்துப் படங்களின் பட்டியலை மனனஞ் செய்த மாணவனிலும், தான் பார்த்த ஒரே படத்தைப் பற்றித் தன் சொந்தச் சொற்களில் ஒரு பக்கம் காரணத்தோடு எழுதக்கூடிய மாணவன் மேலானவன். அத்தகையோர் நூறு பேரை நாம் உருவாக்குவோமாயின், அடுத்த ‘பொன்மணி’ வெறும் நாற்காலிகளுக்கு ஓடவேண்டிய நிலை ஏற்படாது.